நின்ற இடத்துச் சவாரி

அத்தியாயம் பதினான்கு

"சரி, வாரும்" என்று போன வாரம் நாகநாதன் சொன்ன அந்த இரண்டு சொல்லைப் புஷ்பராணி இன்னும் மனசுக்குள் மென்றுகொண்டேதான் இருந்தாள்.

கலியாணமாகி இத்தனை வருடத்தில் அவர் அவளை எங்கும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கோயிலுக்குப் போனால் அவர் முன்னால் நடப்பார். அவள் பின்னால் போவாள். கலியாண வீட்டுக்குப் போனால் அவர் காரில் ஏறி ஹாரன் அடிப்பார். அவள் ஓடிவந்து ஏறுவாள். வா என்றும் கிடையாது, வராதே என்றும் கிடையாது.

அப்படிப்பட்ட மனுஷன் தைப்பிங் ஊரில் நடக்கவிருந்த சைக்கிள் போட்டிக்கு அவளையும் ஜோடியாகச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்திருந்தார். ஐம்பத்தைந்து வயதில் அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது, அவ்வளவு சந்தோஷம்.

எல்லாம் அவருடைய நெஞ்சுவலியில் தொடங்கியதுதான். போன வருடம் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தெருவில் சைக்கிள் ஓட்டக் கூடாது, வீட்டுக்குள் அளவாக மிதிக்கலாம், தினமும் மிதிக்க வேண்டும். டத்தோ கிராமாட் பகுதியில் இருந்த அவர்கள் வீட்டின் பின்னறையில், பின்சக்கரம் தரையில் படாமல் ஸ்டாண்டில் தூக்கி நிறுத்திய சைக்கிள் ஒன்று வந்து சேர்ந்தது. ஒரு காலத்தில் பினாங்கு முழுக்கக் கப் வாங்கிக் குவித்த நாகநாதனுக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல். "இது சைக்கிளோ, தையல் மெசினோ?" என்று போய்விடுவார்.

அவரை ஏற வைப்பதற்காக அவள் முதலில் ஏறிக் காட்டினாள். அவர் ஏறவில்லை. அவள் இறங்கவும் இல்லை.

மகள் யோகலட்சுமி புக்கிட் மெர்தாஜாமில் உடற்பயிற்சி ஆசிரியை. வாரக் கடைசியில் பஸ் பிடித்து, ஃபெர்ரி ஏறி வருவாள். அவள்தான் அம்மா மிதிப்பதைப் பார்த்துவிட்டு, தன்னுடைய பழைய விரிவுரையாளர் சந்திரசேகரனிடம் சொன்னாள். மூத்தோர் சைக்கிள் கழகத்துக்குப் பயிற்சி கொடுப்பவர் அவர். ஐந்து நிமிடம் கடினமாக மிதி, மூன்று நிமிடம் இளைப்பாறு, மறுபடி மிதி என்று அவளுக்கு ஒரு முறை வகுத்துக் கொடுத்தார். ஒரு நாள் விட்டு ஒரு நாள். சமையல் ஆன கையோடு. பத்து மாதம்.

தைப்பிங்கில் மூத்தோருக்கான கலப்பு ஜோடிப் போட்டி அறிவித்தார்கள், தெருவில் அல்ல, நிறுத்திவைத்த சைக்கிளில். ஓர் ஆண், ஒரு பெண். கழகத்தில் பெண் என்று சொல்ல அவள் ஒருத்திதான். யார் ஜோடி என்பதைச் சனிக்கிழமைச் சோதனை முடிவு செய்யும்.

அந்தச் சனிக்கிழமை இதோ, மழையோடு விடிந்திருந்தது.

*

"இந்தக் கோலத்திலயோ வரப்போறீர்?"

அவள் நீலக் காற்சட்டையும் மகளுடைய தொளதொளத்த சட்டையும் போட்டிருந்தாள். நாகநாதன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மேலிருந்து கீழ் பார்த்தார்.

"சீலையோட மிதிக்க ஏலாதெண்டு சந்திரசேகரன் சொன்னவர்."

"சந்திரசேகரன் சொன்னா ஆடுவீரோ? சேர்க்கஸில ஆள் எடுக்கினமெண்டு கேள்விப்பட்டனான். அங்கையும் ஒருக்காக் கேட்டுப் பாருமன்."

யோகலட்சுமி சிரித்துவிட்டாள். "அப்பா, ச்சும்மா இருங்க லா" என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள்.

புஷ்பராணியும் சிரித்தாள். அவர் கேலி செய்கிறார் என்றால் நல்ல மனநிலையில் இருக்கிறார் என்று அர்த்தம். அவருடைய கழகச் சட்டையை அவள் இஸ்திரி போட்டு நாற்காலியில் விரித்து வைத்திருந்தாள். அவர் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது, வயிறு கொஞ்சம் தள்ளியிருந்தாலும், பழைய படத்தில் உள்ள பெடியன்தான் அவள் கண்ணுக்குத் தெரிந்தான்.

"அங்க அவனும் வருவான்" என்றார் கண்ணாடியைப் பார்த்தபடியே.

அவன் என்றால் கந்தப்பு. அவருடைய சொந்த அண்ணன். நாகநாதன் துறைமுக அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற விருந்தில், நாலு பேர் நடுவில் எழுந்து நின்று, "தம்பியின்ர முதல் கப் நான் பிரேக் பிடிச்சு விட்டுக் குடுத்தது" என்று சொல்லிவிட்டார் அவர். பகிடிக்குத்தான் சொன்னார். அன்றோடு பேச்சு நின்றது. நாலு வருடமாகிறது.

"வரட்டுமன். நீங்கள் உங்கட பாட்டில மிதியுங்கோ."

"எனக்குப் புத்தி சொல்லாதையும்" என்றார் அவர். குரலில் கேலி போயிருந்தது.

*

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து ஒரு சந்து தள்ளி, ஒரு கடையின் மாடியில் கழகத்தின் மண்டபம். கீழே இருந்து குழம்பு வாசம் மேலே ஏறிக்கொண்டிருந்தது. நடுவில் அந்த யந்திரம். முன்னால் கனமான ஒற்றைச் சக்கரம். அதைச் சுற்றி ஒரு பெல்ட். பக்கத்தில் உள்ள திருகைத் திருகினால் பெல்ட் இறுகும், மிதிப்பது கனக்கும். எவ்வளவு கனக்கிறது என்று ஒரு முள் காட்டும். முள்ளைப் பக்கத்தில் நிற்பவர்தான் பார்க்க முடியும், மிதிப்பவருக்குத் தெரியாது.

"மூணு நிமிஷத்துக்கு ஒரு படி ஏத்துவோம்" என்று சந்திரசேகரன் எல்லாருக்கும் சொன்னார். "ஒவ்வொரு படிக்கும் அரைக் கிலோ கூடும். நாடி நூத்து நாப்பத தொட்டா நிறுத்திடணும், அதுக்கு மேல நம்ம வயசுக்கு ஆபத்து. யாரும் வீரம் காட்டாதீங்க லா. ஆம்பளைங்களுக்கு நாலாம் படி, அக்காவுக்கு மூணாம் படி. அத முடிச்சா தைப்பிங், ரெண்டு ஆம்பளைங்க முடிச்சா நாடி கொறஞ்சவருக்கு."

யோகலட்சுமி நாடி பிடிக்க நின்றாள். அவளுக்கு அது பழகிய வேலை.

முதலில் நாகநாதன் ஏறினார். முதுகை வளைத்து, பழைய பந்தயக்காரன் மாதிரி உட்கார்ந்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. முதல் படி சுலபமாகப் போனது. இரண்டாம் படியில் வாய் திறந்துகொண்டது. மூன்றாம் படியில் கழுத்து நரம்பு புடைத்தது.

"நூத்து முப்பத்தெட்டு" என்றாள் யோகலட்சுமி.

"அண்ணே, மெதுவா..."

"விடும்!" என்று மிதித்தார்.

"நூத்து நாப்பத்தாறு."

சந்திரசேகரன் திருகைத் தளர்த்திவிட்டார். சக்கரம் சத்தமில்லாமல் சுழன்றது. நாகநாதன் கொஞ்ச நேரம் வெறுமனே மிதித்துக்கொண்டே இருந்தார், நிறுத்தியதே தெரியாதவர் போல.

"உந்த மெசின் பிழை" என்றார் இறங்கும்போது. புஷ்பராணி பார்லித் தண்ணியை நீட்டினாள். அவர் அவளைத் தாண்டிப் போய்ச் சன்னலோரம் உட்கார்ந்தார்.

அடுத்து அப்துல் அஜீஸ். சாலையோரத்தில் அவருக்கு நாசி கண்டார் எனும் குழம்புச் சோற்றுக் கடை. பெருத்த உடம்பு, பெரிய சிரிப்பு. மூச்சு வாங்கிக்கொண்டே நாலாம் படியைத் தட்டுத் தடுமாறி முடித்துவிட்டு, "என் பொண்டாட்டி ஜன்னத்துக்கு யாராச்சும் போன் போடுங்கப்பா, நான் உயிரோடதான் இருக்கேன்னு சொல்லுங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நாகநாதன் சிரிக்கவில்லை.

பிறகு கந்தப்பு. அறுபத்து நாலு வயது, ஒல்லி உடம்பு, அவசரமே இல்லாத மிதி. நாலாம் படி முடிந்தபோது நாடி நூற்று முப்பதைக்கூடத் தாண்டவில்லை.

"ஆம்பளைங்கள்ல கந்தப்பு அண்ணே முதல்" என்றார் சந்திரசேகரன். "இனி அக்கா முடிச்சிட்டா, ஜோடி இவங்க ரெண்டு பேரும்தான்."

புஷ்பராணிக்கு அப்போதுதான் அது உறைத்தது. அவருடன் போவதற்காகப் பத்து மாதம் மிதித்தாள். இப்போது அவருடைய அண்ணனோடு போவதற்காக அந்த யந்திரத்தில் ஏறப்போகிறாள்.

ஏறாமல் விட்டுவிடலாமா? அவள் கணவனைப் பார்த்தாள். அவர் சன்னலோரம் இருந்து எழுந்து வந்துகொண்டிருந்தார்.

"திருகை நான் பாக்கிறன்" என்றார் சந்திரசேகரனிடம். "என்ர மனிசிதானே."

தோற்ற வருத்தத்தை விழுங்கிக்கொண்டு எனக்காக வந்து நிற்கிறாரே என்று நினைத்தாள். ஏறினாள்.

*

முதல் படி அவளுக்கு ஒன்றுமே இல்லை. பின்னறையில் சோறு கொதிக்கிற நேரத்துக்குள் அவள் மிதித்துத் தள்ளுகிற கனம். மிதிக்கும் வேகத்துக்கு வைத்த தாளக் கருவி டக் டக் என்று அடித்தது. அதோடு அவள் கால் தானாகப் போனது.

"தொண்ணூத்தெட்டு" என்றாள் மகள். கழகத்து ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ரெண்டாம் படி" என்றார் சந்திரசேகரன். அந்த நேரம் பார்த்து மூலையில் கூரை ஒழுகத் தொடங்கியது. காகிதங்களை நனையாமல் எடுத்து வைக்க அவர் ஓடினார்.

நாகநாதன் திருகைத் திருப்பினார்.

கனத்தது. ஆனால் கனத்தது கனத்துக்கொண்டே போனது. அரைக் கிலோ எப்படி இருக்கும் என்று அவளுடைய தொடைக்குத் தெரியும். இது அரைக் கிலோ இல்லை. அவர் கை இன்னும் திருகிலேயே இருந்தது. ஒரு முறை திருப்பினார். நிறுத்தினார். இன்னொரு முறை திருப்பினார். நிறுத்தினார். மூன்றாம் முறை.

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. கோபம் இல்லை, பதற்றம் இல்லை. தண்ணிக் குழாயை மூடுகிறவர் முகம் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது.

யோகலட்சுமி அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தபடி முள்ளைப் பார்த்தாள். புஷ்பராணி மகளின் கண் முள்ளுக்குப் போனதைக் கண்டாள். கண் அங்கேயே நின்றதையும் கண்டாள். பிறகு அது அப்பாவின் முகத்துக்குப் போனது. அதன் பிறகு கைக்கடிகாரத்துக்குத் திரும்பியது.

"நூத்துப் பதினஞ்சு" என்றாள் மகள்.

நிறுத்துங்கள் என்று சொல்ல ஒரு சொல் போதும். ஆனால் சொன்னால் தோற்றதாகிவிடும். புருஷனைச் சபையில் காட்டிக்கொடுத்ததாகவும் ஆகிவிடும். புஷ்பராணி பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். தொடைக்குள் யாரோ சூடு வைக்கிற மாதிரி இருந்தது. தாளக் கருவி அவளை விட்டுவிட்டு ஓடப் பார்த்தது. அவள் விடவில்லை.

"நூத்து முப்பத்தஞ்சு."

"அம்மா..." என்று அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி மகள் சொன்னாள்.

இரண்டாம் படி முடிகிற மணியும் "நூத்து நாப்பது" என்ற சத்தமும் ஒன்றாக வந்தன. புஷ்பராணி இறங்கப் பார்த்தாள். கால் தரையில் நிற்கவில்லை. சிமெண்டுத் தரையில் முழங்காலிட்டு, இத்தனை ஆண்களுக்கு முன்னால், காலையில் குடித்த தேத்தண்ணியை வாந்தி எடுத்தாள்.

"ரெண்டாம் படியிலயே முடிஞ்சுது" என்றார் நாகநாதன் சபையைப் பார்த்து. "நான் அப்பவே சொன்னனான். உது சமையல்கட்டில கரண்டி பிடிக்கிற வேலை இல்லை. பாவம், ஆசைப்பட்டிட்டா."

இரண்டொருவர் தலையாட்டினார்கள். அப்துல் அஜீஸ் தன் துண்டை எடுத்து வந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, பேசாமல் ஒரு வாளித் தண்ணி கொண்டுவந்து தரையைக் கழுவினார்.

நாகநாதன் திருகைத் தளர்த்தக் கையை நீட்டினார்.

"கையை எடு" என்றார் கந்தப்பு.

நாலு வருடத்தில் அண்ணன் தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"சந்திரன், இஞ்ச வந்து உந்த முள்ளைப் பாரும்."

சந்திரசேகரன் வந்து குனிந்தார். நிமிர நேரமெடுத்தது. ஒன்றரையில் இருக்க வேண்டிய முள் இரண்டரையில் நின்றது. ஆண்களுக்கு வைத்த நாலாம் படி அது. நாகநாதன் எட்டிப் பார்க்காத படி. அதைத்தான் புஷ்பராணி மூன்று நிமிடம் மிதித்து முடித்திருந்தாள்.

கழகத்து ஆட்கள் முள்ளைப் பார்க்க நெருங்கி வந்தார்கள்.

"கை தவறிப்போச்சு" என்றார் நாகநாதன்.

"யோகா, நீ முள்ளுக்குப் பக்கத்துலதானே நின்ன?" என்று கேட்டார் சந்திரசேகரன்.

"நான் வாட்ச்சத்தான் பாத்தேன் சார்."

புஷ்பராணி தரையிலிருந்து மகளை நிமிர்ந்து பார்த்தாள். யோகலட்சுமியின் முகம் சிவந்துபோயிருந்தது.

"அக்கா பாஸ்" என்றார் சந்திரசேகரன். "தைப்பிங்குக்கு அக்காவும் கந்தப்பு அண்ணனும்." யாரும் கைதட்டவில்லை. ஒரு குடும்பத்தின் உள்விவகாரத்தைச் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டவர்கள் மாதிரி எல்லாரும் குடை தேடினார்கள்.

*

கழுவறையில் மகள் அவள் முகத்தைத் துடைத்துவிட வந்தாள். புஷ்பராணி துண்டை வாங்கித் தானே துடைத்துக்கொண்டாள்.

"பாத்தனீதானே?"

யோகலட்சுமி குழாயை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.

"பாத்தேன்."

"ஏன் வாய் திறக்கேல்லை?"

"அப்பா அப்பதான் தோத்துட்டு நின்னாரும்மா. பெரியப்பா வேற ஜெயிச்சிட்டாரு. எல்லாரும் பாக்கறப்ப அப்பாவ எப்படி நான்..." அவள் கண் கலங்கியது. "அவரால தாங்க முடியாது. நீங்க தாங்கிக்குவீங்க."

புஷ்பராணி துண்டை மடித்தாள். மகளின் சின்ன வயதிலிருந்தே அவர்கள் வீட்டில் பெரிய மீன் துண்டு அப்பாவுக்கு, வால் துண்டு அம்மாவுக்கு. பிள்ளைக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது யார்? அவளேதான். தட்டில் போட்டுப் போட்டுச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான்.

"உன்ர ஃபெர்ரிக்கு நேரமாகுது" என்றாள். "நாளைக்கு எண்டில்லை, இண்டைக்கே போ."

"அம்மா, நாளைக்குச் சண்டே லா. நான் இருக்கேன்."

"போ" என்றாள் புஷ்பராணி. அவளுக்கே அந்நியமான குரல்.

*

காரில் இருவர் மட்டும். கண்ணாடித் துடைப்பான் இழுத்து இழுத்து ஓடியது. கார் டத்தோ கிராமாட்டுக்குள் திரும்பியது.

"உண்மையா கை தவறினதுதான்" என்றார் அவர்.

"எத்தினை தரம் தவறினது?"

அவர் காரை வாசலுக்குத் திருப்பினார். வீட்டில் அவளை இறக்கிவிட்டு, எஞ்சினை அணைக்காமலே எங்கோ போய்விட்டார்.

புஷ்பராணி கட்டிலில் விழுந்தாள். கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இறுகி இறுகி விட்டன. வலியில் அழுகை வந்தது. வலிக்காகத்தானா என்று அவளுக்குத் தெரியவில்லை. எப்போது கண்ணயர்ந்தாள் என்பதும் நினைவில்லை.

விழித்தபோது மழை விட்டிருந்தது. காலடியில் நாகநாதன் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு தைலப் போத்தல்.

"நோகுதோ?"

அவள் காலை இழுத்துக்கொண்டாள். அவர் விடவில்லை. தைலத்தைக் கையில் ஊற்றி, கெண்டைக்காலை மெல்ல நீவிவிட்டார். அவர் கை அவள் காலில் பட்டு எத்தனை காலம்! மேசையில் ஒரு பொட்டலம் இருந்தது. அவளுக்குப் பிடித்த, தேங்காய்ப்பூ வைத்த கூவே பலகாரம், சந்தையில் வாங்கி வந்திருந்தார்.

"நான் கொஞ்சம் மூர்க்கமாத்தான் நடந்திட்டன்" என்றார் காலைப் பார்த்தபடி. "உம்மோட அவன் போறதெண்டு நினைக்க... சரி. விடும். தேத்தண்ணி போட்டு வரட்டோ?"

அவர் போய்த் தேத்தண்ணி போட்டார். சீனி எங்கே இருக்கிறது என்று அடுப்படியிலிருந்து சத்தம் போட்டுக் கேட்டார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நெஞ்சு இளகியது. இத்தனை வருடத்து மனுஷன் இப்படி இறங்கி வந்தபிறகு தைப்பிங் என்ன பெரிய தைப்பிங்? போட்டி இன்று வரும், நாளை போகும். கந்தப்பு அத்தானிடம் சொல்லிவிடலாம். அவர் கோபிக்க மாட்டார். இந்த மனுஷனுக்கு நிம்மதியாக இருக்கட்டும்.

மாலை வெயில் மஞ்சளாக முன்னறையில் விழுந்தபோது அவள் தொலைபேசியை எடுத்தாள். நாகநாதன் சாய்வு நாற்காலியில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், நான் புஷ்பம்."

"ஓ, புஷ்பம்... கால் எப்பிடி?" கந்தப்புவின் குரல் வழக்கத்துக்கு மாறாகத் தடுமாறியது.

"இப்ப சுகம். அத்தான், தைப்பிங் விசயமா ஒண்டு சொல்லத்தான்..."

"அவன் சொல்லிப்போட்டானோ?"

"எவர்?"

"தம்பி. மத்தியானம் நேரில வந்தவன், புஷ்பம். நாலு வருசத்துக்குப் பிறகு என்ர வாசல்ல வந்து நிண்டான். உள்ளுக்க வந்து இருந்தான். தேத்தண்ணி குடிச்சான். அண்ணை எண்டு கூப்பிட்டான்." கந்தப்பு நிறுத்தினார். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "என்னை விலகச் சொல்லிக் கேட்டவன். நான் விலகினா ஜோடி இல்லை, ஜோடி இல்லாட்டி நீர் போகத் தேவையில்லை எண்டான். நான் ஓமெண்டிட்டன்."

புஷ்பராணி ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"பிழைதான். எனக்குத் தெரியும். காலமை முள்ளைக் காட்டினதும் நான்தான். ஆனா எனக்கு இருக்கிறது ஒரே தம்பி. உமக்கு விளங்கும். நீர் எங்கட வீட்டுப் பொறுமைசாலி."

தைலத்தின் வாசம் அவள் காலிலிருந்து எழுந்து வந்துகொண்டிருந்தது.

அப்படியானால் இந்தத் தைலம், இந்தக் கூவே, இந்தத் தேத்தண்ணி எல்லாம் மன்னிப்பு இல்லை. ஜெயித்து வந்த மனுஷனின் கொண்டாட்டம். வேலையை முடித்துவிட்டு வந்துதான் காலை நீவினார். இன்னும் ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் அவளே வாயால் விட்டுக்கொடுத்திருப்பாள். அந்த ஒரு நிமிடத்துக்குக்கூட அவர் அவளை நம்பவில்லை.

"விளங்குது அத்தான்" என்று சொல்லி வைத்தாள்.

நாகநாதன் பத்திரிகையைத் தாழ்த்தினார். அவர் முகத்தில் சின்னதாக ஒரு சிரிப்பு. மறைக்கப் பார்த்தார், முடியவில்லை.

"என்னவாம் அண்ணை?"

அண்ணை. அவள் காதால் கேட்டாள்.

"சுகமா இருக்கிறாராம்."

"அவனும் வயசு போனவன்தானே. எல்லாம் ஒரு வழியா முடிஞ்சுது. கறிக்கு என்ன?"

அவள் மறுபடி ரிசீவரை எடுத்தாள். மண்டபத்தின் எண் அவளுக்கு மனப்பாடம். சனிக்கிழமைச் சாயங்காலங்களில் அங்கே கேரம் விளையாட்டு நடக்கும்.

"ஹலோ, யாரு?" சந்திரசேகரன்.

"நான் புஷ்பராணி. கந்தப்பு அத்தான் விலகிட்டாராம். தெரியுமோ உங்களுக்கு?"

"இப்பத்தான்க்கா போன் பண்ணாரு. எனக்கு மனசே ஆறல. உங்க ஆட்டத்தப் பாத்ததுக்கப்புறம்..." அவர் பெருமூச்சு விட்டார். "ஜோடி இல்லாம பேர் குடுக்க முடியாது. திங்கக்கிழமை கடைசி நாள்."

"நாலாம் படி முடிச்ச ஆம்பிளை வேற ஒராள் இருக்கிறார்தானே."

பத்திரிகை சரசரத்தது. நாகநாதன் எழுந்துவிட்டார்.

மறுமுனையில் சந்திரசேகரன் குரலைத் தாழ்த்தினார். "அஜீஸ் அண்ணனா? அக்கா... யோசிச்சித்தான் சொல்றீங்களா? உங்க ஆளுங்க நாலு விதமா பேசுவாங்களே. வீட்டுல..."

"வீட்டில இருந்துதான் கதைக்கிறன்."

"புஷ்பம்!" நாகநாதன் அவள் பக்கத்தில் வந்து நின்றார். "வையும் டெலிபோனை. என்ன கூத்து இது? ஊர் சிரிக்கும். என்ர மானம்..."

"அதுக்கு இப்ப நேரமில்லை" என்றாள் அவரைப் பார்க்காமலே. பிறகு ரிசீவருக்குள், "கேட்டுப் பாருங்கோ. அவரின்ர மனிசி ஜன்னத்திட்டையும் கேக்கச் சொல்லுங்கோ. அவவுக்குச் சம்மதமில்லாட்டி வேண்டாம். மற்றவையின்ர சம்மதம் எனக்கு வேண்டாம்."

"கேக்கறதுக்கு எங்க போகணும்? இதோ பக்கத்துலதான் கேரம் ஆடிக்கிட்டு இருக்காரு. நீங்களே பேசுறீங்களா?"

நாகநாதனின் கை தொலைபேசியை நோக்கி வந்தது. அவளுக்குப் பயம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வரவில்லை. வந்தது வேறு ஏதோ. நல்ல குணம் என்று யாரும் சொல்ல முடியாத ஒன்று. அவர் முகம் இப்படி வெளிறியதை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்போல இருந்தது அவளுக்கு.

அவள் அந்தக் கையைத் தன் இடது கையால் பிடித்துக் கீழே இறக்கினாள். பத்து மாதம் மிதித்த உடம்பின் பலம் அதில் இருந்தது. அவரால் கையை உருவ முடியவில்லை.

"குடுங்கோ" என்றாள் புஷ்பராணி, "அவரிட்டக் குடுங்கோ."